வளைவில் சாயும் வித்தை

பந்தயத் தடத்தில் முழங்கால் உரசலாம். மலைப்பாதையில் அதற்கு இடம் இல்லை.

கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயத் தடத்தில் 2023 செப்டம்பரில் மோட்டோ ஜிபி பந்தயம் முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தது. வளைவுகளில் 60 டிகிரிக்கும் மேல் சாய்ந்து, முழங்கால் மட்டுமல்ல முழங்கையும் தரையில் உரச வீரர்கள் பறந்ததை ரசிகர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்த வித்தையின் நகலை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு மலைப்பாதையில் பார்க்கலாம். இடுப்பைப் பாதி சீட்டுக்கு வெளியே தள்ளி, முழங்காலை விரித்துக்கொண்டு இளைஞர் ஒருவர் வளைவில் நுழைகிறார். எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு வருவது அரசு பஸ்.

விளையாட்டு என்று விட்டுவிட முடியாத விஷயம் இது. 2022ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள்.

வளைவில் பைக் சாய்ந்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதை வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கி.மீ. வேகத்தில் போனால் சுமார் 20 டிகிரி சாய்ந்தால் போதும். 40 கி.மீ. என்றால் 32 டிகிரி. 50ஐத் தொட்டால் ஏறக்குறைய 45. புல்லட் போன்ற கனமான பைக்குகளில் அதற்கு முன்பே ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையில் உரசித் தீப்பொறி கிளப்பும். வெறும் 20 கி.மீ. வித்தியாசம், சாதாரணத் திருப்பத்தை சர்க்கஸ் ஆக்கிவிடுகிறது.

பந்தய வீரர் உடலை உட்புறமாகத் தொங்கவிடுவது அழகுக்காக அல்ல. ஆளின் எடை உள்ளே போனால், அதே வேகத்துக்கு பைக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும். டயரின் பிடிப்பு மிச்சமாகும். சாலையில் இதில் சிறு பங்கே தேவை. கால்கள் டாங்க்கை இறுக்கிக்கொள்ள, கைகள் தளர்ந்திருக்க, தலையும் தோளும் மட்டும் உள்பக்கக் கண்ணாடியை நோக்கிச் சற்று நகர்ந்தால் போதும். பயந்தவர்கள் செய்வது நேர் எதிர். உடலை விறைப்பாக நிமிர்த்தி வைத்துக்கொண்டு பைக்கை மட்டும் கீழே அமுக்குகிறார்கள். பைக் தேவைக்கு அதிகமாகச் சாய்கிறது.

பைக்கைச் சாய்க்க வைப்பது உடல் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் ஹாண்டில்பார்தான். இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னோக்கி லேசாகத் தள்ள வேண்டும். முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போக, வண்டி இடப்பக்கம் சாயும். சைக்கிள் கடை நடத்தி, பிறகு விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர் இதை அன்றே கவனித்திருந்தார். தினமும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குக்கூடத் தாங்கள் செய்வது தெரியவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

அமெரிக்காவில் கீத் கோட் 1980ல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் வகுப்புகள் நடத்தியிருக்கிறது. அங்கே முதல் பாடம் ஆக்சிலரேட்டரை எப்படித் திருகுவது என்பது. உட்காரும் நிலை மூன்றாம் கட்டத்தில்தான் வருகிறது. முழங்கால் உரசும் ஆசையோடு போகிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

பந்தயத் தடத்தில் எதிரே யாரும் வருவதில்லை. தடத்தின் முழு அகலமும் வீரருக்குச் சொந்தம். லே செல்லும் வழியில் சர்ச்சுவைத் தாண்டி வரும் காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ பாதி சாலைதான் நமக்கு. அதிலும் வலப்பக்க வளைவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டயர் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கும், சாய்ந்தவரின் தலை அந்தப் பக்கம் போயிருக்கும். பஸ்ஸையும் குறை சொல்ல முடியாது. அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வருவதால், எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து எடுத்தால்தான் திரும்ப முடியும். ஆகவே இடப்பக்க வளைவில் அவசரப்பட்டு உள்ளே நுழைபவர் வெளியேறும்போது பஸ்ஸின் முகத்துக்கே போய்ச் சேர்கிறார். ஓரமாகவே போய், மறுமுனை தெரிந்த பிறகு தாமதமாகத் திரும்புவது மெதுவான வழிதான். ஆனால் இடம் மிச்சமிருக்கும். கண் எங்கே போகிறதோ அங்கேதான் பைக்கும் போகும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் விழுந்தவர்கள் உண்டு.

இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்ஜினை அணைத்து உருட்டுவது நம் ஊர்ப் பழக்கம். கியரின் பிடிப்பு போய்விட, முழுப் பளுவும் பிரேக் மீது விழுகிறது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் ஏறக்குறைய அதே கியர் என்பது லாரி டிரைவர்களின் பழைய பாடம். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்திருந்தால் வண்டி நிதானமாக இருக்கும். 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம் என்றாலும், சாதாரண ஏ.பி.எஸ்.ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. பஸ் டாங்க்கிலிருந்து சிந்திய டீசல், மழையில் இறங்கிய சரளை, நிழலில் படர்ந்த பாசி ஆகியவற்றின் மேல் எந்தக் கருவியும் பெரிதாக உதவாது.

பின்னால் உட்காருபவரை யாரும் யோசிப்பதில்லை. வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் சாய்கிற மனைவியோ நண்பனோ, ஓட்டுபவரின் கணக்கையே கெடுத்துவிடலாம். ஒருபக்கமாக உட்கார்ந்தால் எடை முழுவதும் சமமில்லாமல் போய், பிடித்துக்கொள்ளவும் வசதி இருக்காது. மலை ஏறும்போதாவது இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, ஓட்டுபவரின் உள்பக்கத் தோளுக்கு மேல் சாலையைப் பார்த்தால் போதும், உடல் தானாகச் சரியான பக்கம் போகும்.