உளவியல் கல்விக்கு எத்தனை வாயில்கள்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் சென்னைக் கல்லூரிகளில் மாணவர்கள் விரும்பிக் கேட்கும் பாடங்களுள் உளவியலும் ஒன்று. விரும்புவோர் பலர், இடங்களோ சில. விண்ணப்பித்த கல்லூரியில் இடம் கிடைக்காத மாணவர் பலர், “இனி இந்தத் துறை நமக்கு இல்லை” என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இந்த முடிவு சரியானதன்று. உளவியல் தொழிலுக்கான உண்மையான தலைவாயில் இளநிலைப் பட்டத்தில் இல்லை. அது அதற்கு மேலே, முதுநிலைக் கல்வியிலும் அதன் பின்னர்ப் பெறும் பயிற்சியிலும் இருக்கிறது. இதனைத் தெளிவாகப் புரிந்துகொண்டால், முதல் வாயில் அடைபட்டாலும் வேறு வழியில் உள்ளே செல்ல முடியும்.

உளவியல் எத்தகைய பாடம்?

உளவியல் என்றால் பிறர் மனத்தில் உள்ளதைப் படிக்கும் வித்தை என்று சிலர் எண்ணுகின்றனர். அது அவ்வாறன்று. அது அளந்து ஆராயும் ஓர் அறிவியல். 1879-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் அதற்கென ஓர் ஆய்வுக் கூடம் அமைத்தார். நம் நாட்டில் 1916-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்திலும், 1924-இல் மைசூரிலும், 1943-இல் சென்னைப் பல்கலைக் கழகத்திலும் உளவியல் துறைகள் தோன்றின.

இப்பாடத்தின் இயல்பை ஓர் எளிய சோதனையால் அறியலாம். நண்பர் ஒருவரை 30 செ.மீ. அளவுகோலை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழ்நுனியில், சுழிக் குறிக்கு நேராக, உங்கள் கட்டை விரலையும் சுட்டு விரலையும் தொடாமல் விரித்து வையுங்கள். அவர் முன்னறிவிப்பின்றி அளவுகோலை நழுவவிட வேண்டும். நீங்கள் அதைப் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. குறியில் பிடித்தீர்கள் எனில், புவியீர்ப்புக் கணக்கின்படி ஏறத்தாழ 0.2 வினாடி கடந்திருக்கிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, விரல் இயங்குவதற்கு ஆன நேரம் அது. பத்து முறை செய்து சராசரி காணுங்கள். பிறகு, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இதே சோதனையைச் செய்யுங்கள். கவனம் பிளவுபடுவதால் நேரம் கூடுவதைக் காணலாம்.

இரண்டு சராசரிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு உண்மையானதா, தற்செயலானதா? இந்த வினாவுக்கு விடை தருவது புள்ளியியல். ஆகவே உளவியல் மாணவர் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு ஆகியவற்றைக் கற்றே ஆக வேண்டும். பல கல்லூரிகளில் எந்தப் பிரிவில் மேனிலைக் கல்வி முடித்தவரும் உளவியலுக்கு விண்ணப்பிக்கலாம். எனினும் கணக்கைக் கண்டு அஞ்சி இப்பாடத்தைத் தேடி வருபவர் ஏமாற்றமே அடைவார்.

முதல் வாயில்: இளநிலைப் பட்டம்

மெரினா கடற்கரைக்கு எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் உளவியல் பட்டப்படிப்பு உண்டு. அரசுக் கல்லூரி ஆதலால் கட்டணம் குறைவு. ஆண், பெண் இருபாலாரும் பயிலலாம். ஆகவே அங்குப் போட்டி கடுமையாக இருப்பதில் வியப்பில்லை. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு 2020 முதல் இணையவழியில் பொதுவாக விண்ணப்பம் பெறப்படுகிறது. மொழிப் பாடங்களை நீக்கி, எஞ்சிய நான்கு பாடங்களில் 400-க்குப் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை அமைகிறது. இட ஒதுக்கீட்டு முறைப்படி சேர்க்கை நடைபெறுகிறது. முதல் சுற்றில் பெயர் வராதவர் மனம் தளர வேண்டியதில்லை. பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுகளுக்குச் சிலர் சென்றுவிடுவதால் அடுத்த சுற்றுகளில் இடங்கள் காலியாவது உண்டு.

பிற கல்லூரிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். 1915-இல் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரி, தேனாம்பேட்டையில் உள்ள நீதிபதி பஷீர் அகமது சையது மகளிர் கல்லூரி, தியாகராய நகர் சாசுன் ஜெயின் மகளிர் கல்லூரி ஆகியவற்றில் உளவியல் பயிற்றுவிக்கப்படுகிறது. பெயர்களே காட்டுவதுபோல இவை பெண்களுக்கானவை. எனவே இப்பகுதிகளில் வாழும் ஆண் மாணவர்க்கு வாய்ப்புகள் இன்னும் குறுகியவை. எழும்பூரில் 1952-இல் நிறுவப்பட்ட சென்னை சமூகப்பணிக் கல்லூரி இருபாலாரையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே கல்லூரியை நம்பியிராமல் நான்கைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே அறிவுடைமை. ஒரு கல்லூரியிலேயே அரசு உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணத்தில் பெரும் வேறுபாடு உண்டு. எந்தப் பிரிவில் இடம் என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டறிய வேண்டும்.

மூடப்பட்ட வாயில்

நேரடிக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களும் வேலைக்குச் செல்பவர்களும் நெடுங்காலம் நம்பியிருந்தது அஞ்சல்வழிக் கல்வியை. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. உளவியல் உள்ளிட்ட நலவாழ்வு சார்ந்த பாடங்களைத் தொலைநிலை வழியிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் அறிவித்தது. அவ்வாண்டு ஜூலை-ஆகஸ்டு பருவத்திலிருந்து புதிய சேர்க்கை கூடாது என்பது அதன் ஆணை. 2021-ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழில் ஆணையச் சட்டத்தில் உளவியலாளர்களும் அடங்குவதே இதற்குக் காரணம். மனிதரோடு நேரில் பழகிக் கற்க வேண்டிய தொழிலை அஞ்சலில் கற்பிக்க இயலாது என்ற கருத்தில் நியாயம் உண்டு. ஆனால் பகலில் உழைத்து மாலையில் படிக்கும் ஏழை மாணவர்க்கு இது பேரிழப்பு என்பதையும் மறுக்க முடியாது. பழைய விளம்பரங்களை நம்பி எவரும் பணம் செலுத்திவிட வேண்டாம்.

இரண்டாம் வாயில்: முதுநிலையில் நுழைதல்

வேறு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற பின்னர் உளவியலில் முதுநிலைக் கல்வி பெறுவது இரண்டாவது வழி. பல நிறுவனங்கள் இதற்கு இடமளிக்கின்றன. சில நிறுவனங்கள் இளநிலையிலும் உளவியலே படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். ஆகவே தாம் சேர விரும்பும் நிறுவனத்தின் தகுதி விதியை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

அவ்வாறாயின் இளநிலையில் எதைப் படிக்கலாம்? சமூகப்பணி, சமூகவியல், மனித வளர்ச்சியை ஒரு பகுதியாகக் கொண்ட மனையியல், புள்ளியியல், விலங்கியல் ஆகிய எதுவும் பின்னால் பயன் தரும். சமூகப்பணி படித்தவர் குடும்பத்தையும் சூழலையும் அறிவார். விலங்கியல் படித்தவர் நரம்பு மண்டலத்தை அறிவார். புள்ளியியல் படித்தவர் ஆய்வில் சிறப்பார். இம்மூன்று ஆண்டுகளில், “ஸ்வயம்” என்னும் மைய அரசின் இணையதளத்தில் பேராசிரியர்கள் நடத்தும் உளவியல் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். அது பட்டம் ஆகாது; அடித்தளம் ஆகும்.

சென்னைக்கு வெளியே செல்ல இயலுபவர்க்குப் புதுவைப் பல்கலைக் கழகமும் திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக் கழகமும் உள்ளன. இங்கெல்லாம் நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வின் மூலம் சேர்க்கை நடைபெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்க்கு இத்தேர்வு மறுபடியும் ஒரு வாய்ப்பு.

தலைவாயில்

மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. முன்னவர் மருத்துவப் பட்டம் பெற்று, மேலும் மனநல மருத்துவம் பயின்றவர். மருந்து எழுதித் தருபவர். பின்னவர் உளச்சோதனைகள் நடத்துபவர். பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை அளிப்பவர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுக்கிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுவின் ஏற்புப் பெற்ற கல்வித் தகுதி அவருக்கு வேண்டும். வெறும் பி.எஸ்ஸி. பட்டமோ, எம்.எஸ்ஸி. பட்டமோ மட்டும் இதற்குப் போதாது.

நெடுங்காலமாக இத்தகுதி இரண்டு ஆண்டு எம்.பில். படிப்பாக இருந்தது. 2022-இல் எம்.பில். பட்டம் பொதுவாக நீக்கப்பட்டபோதும், மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புத் தரப்பட்டது. 2024-25 முதல் மருத்துவ உளவியலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் ஒன்றையும் மறுவாழ்வுக் குழு கொண்டுவந்தது. பட்டங்களின் பெயர்கள் இவ்வாறு மாறிவருகின்றன. ஆகவே மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: இப்படிப்பு மறுவாழ்வுக் குழுவின் ஏற்புப் பெற்றதா? முழுநேர நேரடிப் படிப்பா? நோயாளிகளிடையே மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி உண்டா? சில வாரங்களில் “ஆலோசகர்” ஆக்குவோம் என்னும் விளம்பரங்கள் இம்மூன்று வினாக்களுக்கு முன் நில்லா.

தமிழ்வழி மாணவரின் முதலீடு

உளவியல் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. மாநிலப் பாடத்திட்டத்தில் மேனிலை வகுப்பில் உளவியல் பொதுவாகத் தனிப் பாடமாக இல்லை. ஆகவே தமிழ்வழி மாணவர் முதலாண்டில் திணறுவது இயல்பே. தூண்டல், துலங்கல், புலன்காட்சி, ஆளுமை போன்ற கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாக எழுதிப் பழகினால் இத்தடையை ஓராண்டில் கடக்கலாம்.

ஆனால் அவரிடம் வேறொரு முதல் இருக்கிறது. “நெஞ்சு படபடங்குது”, “தலையிலே பாரமா இருக்கு”, “எதிலேயும் மனசு ஒட்டலை” என்றுதான் நம் மக்கள் தம் துயரைச் சொல்கின்றனர். இச்சொற்களின் பொருளை மொழிபெயர்ப்பு இன்றி உணர்பவர்கள் தேவை. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 100-க்கு 10.6 பேர் மனநலக் குறைபாட்டுடன் இருப்பதாகவும், அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்றும் கண்டது.

இத்துறையின் பணி எவ்வளவு பரந்தது என்பதைச் சென்னையிலேயே காணலாம். 1794-இல் தோன்றிய நிறுவனத்தின் வழிவந்தது கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். அடையாற்றில் 1980 முதல் டி.டி.கே. மருத்துவமனை குடி, போதைப் பழக்கங்களுக்குச் சிகிச்சை அளிக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் உளநலத்தைக் கவனிக்கத் தனித் துறை உண்டு. மயிலாப்பூரை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில் 1986 முதல் இயங்கும் “சினேகா”, தற்கொலைத் தடுப்புப் பணியில் பயிற்சி பெற்ற தொண்டர்களை ஈடுபடுத்துகிறது. உளவியலாளர், சமூகப்பணியாளர், சிறப்பாசிரியர், தொண்டர் ஆகிய பலதரப்பட்டவர்க்கும் இத்துறையில் வேலை இருக்கிறது.

எனவே இவ்வாண்டு பட்டியலில் பெயர் வராத மாணவர் செய்ய வேண்டியவை இவை: அடுத்த சுற்றுக் கலந்தாய்வைத் தவறாமல் கவனித்தல், இடம் கிடைக்கவில்லையெனில் தொடர்புடைய ஒரு பாடத்தில், முழுநேரக் கல்லூரியில், உடனே சேர்ந்துவிடுதல், முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் ஆண்டிலேயே படிக்கத் தொடங்குதல். வழி சற்றுச் சுற்று. ஆனால் சென்று சேரும் இடம் ஒன்றே.