பகா எண்ணை அறியும் வழி

ஓர் எண் பகா எண்ணா, பகு எண்ணா என்று கேட்டால், பள்ளி மாணவன் அதனைச் சிறு எண்களால் வகுத்துப் பார்ப்பான். 97 போன்ற எண்ணுக்கு இம்முறை போதும். நூறு இலக்கங்கள் கொண்ட பகா எண்ணாயின், நொடிக்கு லட்சம் கோடி முறை வகுக்கும் கணிப்பொறியாலும் சூரியனின் ஆயுளுக்குள் அச்சோதனையை முடிக்க இயலாது.

இருபதாம் நூற்றாண்டில் விரைவான சோதனைகள் சில தோன்றின. அவற்றுள் சில தற்செயலாக எடுத்த எண்களை நம்பின. ஆகவே, மிகச் சிறிய அளவிலேனும் பிழைக்கு இடமிருந்தது. வேறொன்று இன்னும் நிரூபிக்கப்படாத ஒரு கருதுகோளைச் சார்ந்திருந்தது. இக்குறைகள் இல்லாத விரைவான வழி உண்டா என்னும் வினா 2002 வரை விடையின்றி நின்றது.

விடை கண்டோருள் இருவர் டாக்டர் பட்ட ஆராய்ச்சியைத் தொடங்கவிருந்த மாணவர்கள். குவாஹாட்டியைச் சேர்ந்த திரு. நீரஜ் கயாலும் திரு. நிதின் சக்சேனாவும் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறி இயல் பயின்று, 2002-ல் பி.டெக். பட்டம் பெற்றனர். ஒரு கணக்கைச் செய்ய முடியுமா என்பதோடு, அது எத்தனை படிகளில் முடியும் என்றும் கேட்பது அவ்வியலின் பழக்கம். பட்டப் படிப்பின்போதே பேராசிரியர் மணீந்திர அகர்வாலின் வழிகாட்டுதலில் இவ்வினாவை அவர்கள் ஆராயத் தொடங்கினர். மூவரின் முடிவு 2002 ஆகஸ்டு 6-ல் வெளியாயிற்று.

அதன் அடிப்படை ஈருறுப்புத் தேற்றமே. (1+x) என்பதன் ஐந்தாம் அடுக்கை விரித்தால் இடையிலுள்ள குணகங்கள் 5, 10, 10, 5. யாவும் 5-ஆல் வகுபடும். ஆறாம் அடுக்கில் அவை 6, 15, 20, 15, 6. இவற்றுள் 15-ம் 20-ம் 6-ஆல் வகுபடா. அடுக்கெண் பகா எண்ணாக இருந்தால் மட்டுமே இடைக் குணகங்கள் யாவும் அதனால் வகுபடும். ஆயினும், பெரிய எண்ணுக்கு இவ்விரிவை முழுதும் எழுதுவது வகுத்துப் பார்ப்பதினும் நெடிய வேலையாகும்.

எனவே, விரிவை முழுமையாக எழுதாமல், ஒரு சிறிய கோவையால் வகுத்து மீதியை மட்டும் கொள்வது அவர்கள் கண்ட வழி. இதனால் உறுப்புகள் வெகுவாகக் குறையும். அடுக்கெண்களாக அமைந்த பகு எண்களை முதலிலேயே நீக்கிவிட்டு, x-உடன் 1, 2, 3 என்று எண்களைக் கூட்டிக் குறிப்பிட்ட சில முறை சோதித்தால், எந்தப் பகு எண்ணும் தப்பாது என்று அவர்கள் நிரூபித்தனர்.

கட்டுரை 2004-ல் 'கணித ஆண்டேடு' என்னும் பொருள்படும் அமெரிக்க இதழில் அச்சாயிற்று. 2006-ல் கேடல் பரிசும் புல்கர்சன் பரிசும் கிடைத்தன. இரகசியச் செய்தித் தொடர்புக்கு வேண்டிய பகா எண்களைத் தேடுவோர் இன்றும் பழைய தற்செயல் சோதனைகளையே பெரிதும் கையாளுகின்றனர். அவை இன்னும் விரைவானவை. தற்செயலின் துணையின்றியே உறுதியான விடையை விரைவில் பெறலாம் என்று காட்டியதே கான்பூர் ஆராய்ச்சியின் சிறப்பு.

இருவரும் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தவையும் இதனோடு தொடர்புடையவை. இரு இயற்கணிதக் கோவைகள் உண்மையில் ஒன்றேயா என்பதைத் தற்செயல் எண்களின் துணையின்றி விரைவில் அறியலாமா என்பது அவர்கள் ஈடுபட்ட வினாக்களுள் ஒன்று. அதற்குப் பொதுவான விடை இன்னும் கிட்டவில்லை.

ஆசிரியர்கள் பாஸ்கல் முக்கோணத்தைக் கரும்பலகையில் பன்னிரண்டு வரிசை வரை எழுதி, எந்த வரிசைகளில் இடை எண்கள் யாவும் வரிசை எண்ணால் வகுபடுகின்றன என்று மாணவரையே கண்டறியச் செய்யலாம். 2, 3, 5, 7, 11 ஆகியவை தாமே வெளிப்படும்.