கார்டு லெவல் பத்தலையா, கணக்கு பத்தலையா? க்ளாஷ் ராயலில் தோற்பவர்கள் கவனிக்க

"அக்கா, ஒரு ஐந்நூறு ரூபா ஜிபே பண்ணுங்களேன்!"

ஆலங்குடியில் பிளஸ் ஒன் படிக்கும் சித்தி பையனின் வாய்ஸ் மெசேஜ். க்ளாஷ் ராயலில் தொடர்ந்து ஆறு மேட்ச் தோல்வியாம். காசு கொடுத்து கார்டு லெவலை ஏத்தினால் சரியாகிவிடுமாம். "முதல்ல ஒரு மேட்ச்சை ஸ்க்ரீன் ரெக்கார்டு பண்ணி அனுப்புடா" என்றேன்.

தெரியாதவர்களுக்கு: இது ஃபின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட மொபைல் கேம். இருவர் மோதும் 3 நிமிட ஆட்டம், எதிராளியின் கோபுரத்தை இடிக்க வேண்டும். ஆளுக்கு 8 கார்டு, கையில் 4 மட்டும். கார்டை இறக்க 'எலிக்சர்' செலவாகும். அது 2.8 நொடிக்கு ஒன்று வீதம் ஊறும், 10-க்கு மேல் சேராது. கடைசி நிமிடத்தில் இரு மடங்கு வேகம்.

வீடியோவில் எதிராளி 7 எலிக்சர் செலவழித்து பெக்காவை இறக்குகிறான். தம்பி 3 எலிக்சர் ஸ்கெலிட்டன் ஆர்மியை வைத்தே அதைச் சாய்த்துவிட்டான். சபாஷ், 4 லாபம்! எதிராளி 10 வைத்திருந்தாலும் மிச்சம் 3தான். அடிக்க வேண்டிய நேரம். நம்ம ஆளோ எலிக்சர் 10 ஆன பிறகும் எட்டு நொடி சும்மா இருந்தான். கிட்டத்தட்ட 3 எலிக்சர் வீண். லாபத்தில் முக்கால்வாசி காலி.

அடுத்தது கார்டு கணக்கு. ஒரு கார்டை இறக்கினால், வேறு நான்கு கார்டுகள் இறங்கிய பிறகே அது கைக்குத் திரும்பும். எதிராளி ஹாக் ரைடரை விட்டால் மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுங்கள். நாலு வந்ததும் அதைத் தடுக்கும் கேனன் உங்கள் கையில் இருக்கணும். எங்க அம்மாச்சி பல்லாங்குழியில் எதிர்க்குழி முத்துக்களைப் பார்வையாலேயே எண்ணிவிடுவார், அதேதான். முதல் வாரம் எதிராளியின் ஒரே ஒரு கார்டை மட்டும் எண்ணிப் பழகினால் போதும். தோற்றால் ரீப்ளேயில் கோபுரம் விழுவதற்கு முந்தைய பத்து நொடியைப் பாருங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் டெக்கை மாற்றாதீர்கள். புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து ஆடவே ஆடாதீர்கள். வழியில் நெட் போனால் கணக்கும் போச்சு.

லெவலே முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். கோப்பைக்கான சாதாரண ஆட்டத்தில் அது நிச்சயம் உதவும். ஆனால் லெவலைச் சமமாக்கி நடத்தும் சேலஞ்சுகளில் காசு செல்லாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இதே கேம் காட்சிப் போட்டியாக நடந்தது. இந்தியாவின் கரண் மங்கனானி நான்காம் இடம். வியூகக் கார்டு கேமான ஹார்த்ஸ்டோனில் வெண்கலம் வென்ற தீர்த் மேத்தா, குஜராத்தின் புஜ் ஊர்க்காரர்.

"ரம்மி மாதிரி ஆயிடுமாடி?" என்பது சித்தியின் பயம். நியாயமான பயம்தான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடைசெய்த 2025 மத்திய சட்டம், இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது என்று விளக்கினேன். சித்தி முழுசா நம்பலை.

நேத்து ராத்திரி அடுத்த வீடியோ வந்தது. தோற்றிருந்தான். ஆனால் எலிக்சர் ஒரு தடவைகூட 10-ல் நிற்கவில்லை. ஐந்நூறு ரூபாய் பற்றிப் பேச்சே இல்லை.