நினைவறைகளை இணைத்துப் படித்தல்

மின்சாரம் நின்ற பின்னும் தன்னிடமுள்ள செய்தியை இழக்காத நினைவகத்தை அழியா நினைவகம் என்பர். கைப்பேசிச் சில்லுகள் பலவற்றில் இவ்வகை நினைவகம் நுண்ணிய மின் உருகிகளால் ஆனது. ஓர் உருகி, ஒரு பிட். ஒரு முறை எரித்ததைப் பழைய நிலைக்குக் கொணர இயலாது.

இதில் எழுதப்படுவனவற்றுள் உஷ்ண உணரியின் திருத்த எண்கள் முக்கியமானவை. ஒரே அச்சில் வார்த்த உணரிகளும் ஒரே அளவு காட்டுவதில்லை. ஆகவே குவால்காம் நிறுவனத்தின் பல சில்லுகளில், 30 டிகிரியிலும் 120 டிகிரியிலும் ஒவ்வோர் உணரிக்கும் உரிய எண்கள் பதிக்கப்படுகின்றன. இடம் அரிதாதலால், எல்லா உணரிகளுக்கும் பொதுவான அடிப்படை எண் ஓர் அறையிலும், ஒவ்வொன்றுக்கும் உரிய சிறு வேறுபாடு தனித்தனி அறைகளிலும் வைக்கப்படும். இரண்டையும் கூட்டினாலன்றி உண்மை விளங்காது.

ஓர் அறையே இரண்டு பைட்டுகளில் பிரிந்து கிடப்பதும் உண்டு. முதல் பைட் 10110010, அடுத்தது 11001011 என்று கொள்வோம். முதல் பைட்டின் மேல் மூன்று பிட்டுகளும் (101) அடுத்ததன் கீழ் மூன்று பிட்டுகளும் (011) சேர்ந்து ஓர் அறையாகின்றன. பின்னது உயர்ந்த இடத்தில் அமைவதால் எண் 011101, அதாவது 29. வரிசையை மாற்றினால் 101011, அதாவது 43 ஆகிவிடும். டிகிரிக்கு 3.2 வீதம் எண் உயரும் உணரியில், 14 எண் பிழை 4 டிகிரிக்கும் மிகுதியான பிழையாகும். சில்லு உண்மையில் அதிகம் சூடேறியிருக்க, அளவு குறைவாகவே தெரியும். தக்க தருணத்தில் வேகத்தைக் குறைக்கும் பாதுகாப்பு பிந்திவிடும்.

லினக்ஸ் கெர்னலில் முன்னர் இத்தகைய நினைவகங்களைக் கையாளும் டிரைவர்கள் ஒரே வேலையைத் தனித்தனியே திரும்பத் திரும்பச் செய்து வந்தன. 2015-இல் வெளியான 4.3 பதிப்பில் என்விமெம் என்னும் பொது அமைப்பு சேர்க்கப்பட்டது. அறை எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை பிட் நீளமுடையது என்பன வன்பொருள் விவரப் பட்டியலில் குறிக்கப்படுகின்றன. உணரியின் டிரைவர் அறையைப் பெயர் சொல்லிக் கேட்டால் போதும். பிரிந்த பிட்டுகளை இவ்வமைப்பே சேர்த்துக் கொடுக்கும். அடிப்படையையும் வேறுபாட்டையும் கூட்டுவது மட்டும் டிரைவரின் கடமை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஓர் அறையைப் படிக்க இயலாதபோது அதற்குப் பதிலாக 0 என்று வைத்துக் கூட்டலாகாது. வேறுபாடு உண்மையிலேயே 0 ஆக இருக்கக்கூடுமாதலால், பிழை வெளியே தெரியாமல் மறைந்துவிடும். பிழையைப் பிழையென்றே அறிவிப்பதுதான் முறை.

களப்பணியாளர் ஒரு கருவி பொருந்தாத உஷ்ணநிலையைக் காட்டக் கண்டால், உணரி பழுதென்று முடிவுகட்டுமுன் விவரப் பட்டியலிலுள்ள அறைகளின் இடத்தையும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கைக் கரும்பலகையில் இட்டுக் காட்டலாம். இரும எண்ணில் இடமதிப்பின் பயனை மாணவர் எளிதில் உணர்வர்.