உண்டியல் போதுமா?

பள்ளியில் மதிய உணவு சமைக்கும் பெண்ணுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் வகுப்பு வகுப்பாக உண்டியல் போகிறது. போகலாமா?

நாடு முழுக்க உள்ள சுமார் 25 லட்சம் சமையலர்களும் மத்திய அரசுக் கணக்கில் ஊழியர்கள் அல்ல, 'கௌரவ' சேவகர்கள். 2009-ல் மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 10 மாதம்தான். சில மாநிலங்கள் மேலே போட்டுத் தருகின்றன. இதில் சேமிப்பு ஏது?

2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள் அனைவருக்கும் இது விரிவுபடுத்தப்படும் என்றது 2024 இடைக்கால பட்ஜெட். அந்த அறிவிப்பில் பள்ளிச் சமையலர் இல்லை.

ஆகவே பள்ளி ஒதுங்கி நிற்க முடியாது. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்து, கொடுத்தவர் பெயரை வாசித்தால், அந்தச் சோற்றை நம்பி வரும் பிள்ளைதான் தலைகுனியும். மூடிய உண்டியல், பெற்றோர் முன்னிலையில் எண்ணிக்கை, எழுத்தில் கணக்கு. இவை போதும்.

அதற்கும் முன்னால், அவர் பெயர் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியர் விசாரிக்க வேண்டும். பிள்ளைகளின் சில்லறை பஸ் செலவுக்கு ஆகும். அறுவை சிகிச்சைக்கு ஆகாது.