பிறந்த ஊரில் வெளிநாட்டவர்! ஓய்வுக்காலத்துக்கு நெல்லை திரும்புகிறவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ஓர் அண்ணாச்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்தது பாளையங்கோட்டை. படித்ததும் அங்கேதான். முப்பது வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கியாகிவிட்டது. பிள்ளைகள் செட்டில். இனி மதினியோடு ஊரில் வந்து இருக்கலாம், காலையில் குறுக்குத்துறையில் ஒரு முங்கு, சாயங்காலம் நெல்லையப்பர் கோயில், ராத்திரி சொதிக் குழம்பு என்று மனசு கணக்குப் போடுகிறது.

இந்த அண்ணாச்சிக்குப் பெயர் வேண்டாம். சொந்தபந்தத்தில் இப்படி ஒருவர் உங்களுக்கே நினைவுக்கு வருவார்.

அவர் நெல்லை ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது ஆட்டோக்காரர் "வாங்க அண்ணாச்சி" என்பார். ஆனால், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி, ஓர் இந்தியர் தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமை என்பது இந்தியாவில் இல்லை. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். "இருக்கட்டும், ஞாபகார்த்தமா பெட்டியில வச்சிருக்கேன்" என்பவர்கள், அதைப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் அபராதத்தில் மாட்டுவார்கள்.

சரி, வெளிநாட்டவர் ஓய்வுக்காலத்தை இந்தியாவில் கழிக்க என்ன வழி?

மற்ற நாடுகளில் இதற்கென்றே விசா இருக்கிறது. தாய்லாந்தில் 50 வயது தாண்டி, வங்கியில் 8 லட்சம் பாட் காட்டினால் விண்ணப்பிக்கலாம். இலங்கையில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'மை ட்ரீம் ஹோம்' விசா. 15,000 டாலர் டெபாசிட், மாதாமாதம் 1,500 டாலர் வரவு என்று நிபந்தனை. மலேசியாவின் 'மை செகண்ட் ஹோம்' திட்டம் 2002-ல் தொடங்கியது. 2021-ல் திடீரென்று மாத வருமான வரம்பை 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டுக்குத் தூக்கினார்கள். 2024-ல் மறுபடி மாற்றி, சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று தட்டு தட்டாகப் பிரித்தார்கள். அடித்தட்டான சில்வருக்கே டெபாசிட் ஒன்றரை லட்சம் டாலர். பாதி வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது விதி மாறினால் என்ன ஆகும் என்று, அந்த நாடுகளில் குடியேற நினைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்தியாவில் ஓய்வுக்கால விசா என்ற பெயரில் ஒன்று கிடையாது. இங்கே இருப்பது ஓசிஐ கார்டு. அங்கே பணத்தைக் கேட்கிறார்கள். இங்கே பாட்டனைக் கேட்கிறார்கள்!

பாட்டனார் யார்?

1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அன்றைக்குக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், அவருடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை ஓசிஐ கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். தாமிரபரணிக் கரைக்கு இது முக்கியமான விதி. இந்த ஊர்க்காரர்கள் கடல் தாண்டியது ஐ.டி. வேலைக்காக மட்டுமல்ல. சிற்றாற்றுப் பாசனப் பகுதியான கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்குப் போன குடும்பங்கள் 1941-லேயே அங்கே சங்கம் வைத்து, 1946-ல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே தொடங்கியவர்கள். அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைக்கும் இந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

சிக்கல் ஆதாரத்தில் வரும். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், பள்ளிக்கூட டி.சி. என்று ஏதாவது காட்ட வேண்டும். டி.சி.யில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டி இன்னொரு பெயர், பத்திரத்தில் ஊர்ப்பெயரும் சேர்ந்து மூன்றாவது பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். பெரியவர்கள் இருக்கும்போதே இந்தக் காகிதங்களை எடுத்து வைப்பது நல்லது.

காகிதத்தின் அருமைக்குக் கல்லிடைக்குறிச்சியிலேயே ஓர் உதாரணம் உண்டு. குலசேகரமுடையார் கோயிலில் 1982-ல் திருடு போன நடராஜர், ஆஸ்திரேலியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் நம்ம ஊர்க்காரர்தான் என்று ஆவணங்களோடு நிரூபித்த பிறகே, 2019-ல் ஊர் திரும்பினார். சாமிக்கே அந்தக் கதி!

அடிக்கடி மாறிய கார்டு

ஓசிஐ திட்டம் வந்தது 2005-ல். அதற்கு முன்பிருந்த பிஐஓ கார்டு 2015 ஜனவரி 9 அன்று ஓசிஐயோடு இணைக்கப்பட்டது. கார்டு இருந்தால் ஆயுள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் தங்கலாம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்து நீண்ட நாள் தங்கும் மற்ற வெளிநாட்டவர்கள், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஓசிஐக்காரருக்கு அந்த வேலை இல்லை.

முன்பு பெரிய தலைவலியாக இருந்தது கார்டைப் புதுப்பிப்பது. 50 வயதுக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள், கார்டையும் ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று விதி. அது தெரியாமல் விமான நிலையம் வரை வந்து திரும்பிய முதியவர்கள் உண்டு. 2021 ஏப்ரலில் இதைத் தளர்த்தினார்கள். 20 வயதுக்குப் பிறகு கார்டு வாங்கியவர்கள் இனி கார்டை மாற்ற வேண்டாம். 50 வயதுக்குப் பிறகு புதுப் பாஸ்போர்ட் வாங்கும்போது ஒரே ஒரு முறை, அதன் நகலையும் புது போட்டோவையும் மூன்று மாதத்துக்குள் இணையதளத்தில் ஏற்றினால் போதும்.

மதினி இந்திய வம்சாவளி இல்லாத வெளிநாட்டுக்காரர் என்றால் கதை கொஞ்சம் வேறு. திருமணம் பதிவாகி இரண்டு வருடம் முடிந்திருந்தால்தான் அவருக்குக் கார்டு. ஒவ்வொரு தடவை பாஸ்போர்ட் மாறும்போதும் நகலை ஏற்றி, திருமண பந்தம் தொடர்கிறது என்று உறுதியும் தர வேண்டும். விவாகரத்தானால் கார்டு ரத்தாகலாம். அவர் நெல்லையில் இருபது வருடம் வாழ்ந்து, புட்டாரத்தி அம்மன் கோயில் கொடை வரைக்கும் எல்லாம் அத்துப்படி என்றாலும் சரி.

இறுக்கியதும் உண்டு. 2021 மார்ச் 4-ல் வந்த அறிவிக்கையின்படி ஆராய்ச்சி, பத்திரிகைப் பணி, மிஷனரிப் பணி, மலையேற்றம் போன்றவற்றுக்கு ஓசிஐக்காரர்கள் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். 'ரிட்டயர் ஆன பிறகு ஆதிச்சநல்லூரைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன்' என்று வரும் பேராசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 2025 ஆகஸ்டில் இன்னொன்று: இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றாலோ, ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலோ கார்டு ரத்தாகலாம். இரண்டாவது நிபந்தனைக்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். சொத்துத் தகராறு கிரிமினல் வழக்காக மாறுவது நம்ம பக்கம் ஒன்றும் அதிசயமில்லை.

வயல் விலைக்கு வருது!

அண்ணாச்சிக்கு உண்மையான இடி விழுவது வேறிடத்தில். சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார், பிசானம் என்று இரண்டு போகம். தம்பி போன் பண்ணுகிறார்: "அண்ணே, நம்ம பக்கத்து வயலு விலைக்கு வருது. உங்க பேர்ல வாங்கிப் போட்டுருவோமா?"

முடியாது. ஓசிஐக்காரர் வீடு வாங்கலாம், பிளாட் வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் மூன்றும் வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வசிக்கும் என்ஆர்ஐக்கும் இதே தடை உண்டு. ஆனால், வளைகுடாவிலிருந்து நிரந்தரமாக மேலப்பாளையம் திரும்பும் ஒருவர் இந்தியக் குடிமகன். ஊரில் குடியேறிய பிறகு அவர் தாராளமாக வயல் வாங்கலாம். அமெரிக்கக் குடிமகனான அண்ணாச்சி எத்தனை வருடம் ஊரிலேயே இருந்தாலும் அந்த உரிமை தானாக வராது.

அப்பாவின் நிலம்? இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். வாரிசாக வரும் விவசாய நிலத்தை ஓசிஐக்காரர் வைத்துக்கொள்ளலாம். உயில் மூலம் வந்தாலும் சரி. ஆனால், விவசாய நிலத்தை அவர் பரிசாகப் பெற முடியாது. நம்ம ஊரில் பெரியவர்கள் 'நான் இருக்கும்போதே பிரிச்சுக் கொடுத்துடுறேன்' என்று தான செட்டில்மென்ட் எழுதுவது வழக்கம். உயிருடன் இருக்கும்போதே நிலத்தைக் கைமாற்றும் செட்டில்மென்ட், பரிசாகவே கருதப்படும். ஆக, அதே அப்பா, அதே மகன், அதே வயல். உயில் எழுதினால் செல்லும். தான செட்டில்மென்ட் எழுதினால் அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறியதாகிவிடும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே, மகன் எந்த நாட்டுக் குடிமகன் என்று பத்திரம் எழுதுபவரிடம் சொல்லிவிட வேண்டும். பின்னாளில் அந்த வயலை விற்பதானால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

பென்ஷனும் ஆஸ்பத்திரியும்

ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் வருமான வரிக்கு நீங்கள் இந்தியவாசி. நீண்டகாலம் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கு முதல் இரண்டு, மூன்று வருடம் இடைநிலைச் சலுகை கிடைக்கும். வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி பெரும்பாலும் வராது. அதன் பிறகு உலகம் முழுக்க வரும் வருமானத்தையும் இங்கே காட்ட வேண்டும். அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்கு மட்டும், இரு நாட்டு ஒப்பந்தப்படி அமெரிக்காவில்தான் வரி. எந்த மாதம் ஊருக்கு வருகிறோம் என்பதில்கூட வரிக் கணக்கு இருப்பதால், டிக்கெட் போடும் முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுவது லாபம்.

பிரிட்டன் பென்ஷன்காரர்களுக்கு ஒரு கசப்பான விஷயம். அந்த நாட்டு அரசு ஓய்வூதியம் வருடா வருடம் உயரும். ஆனால், இந்தியாவில் வந்து குடியேறியவர்களுக்கு உயராது. வந்த நாளில் என்ன தொகையோ அதிலேயே நின்றுவிடும்.

அமெரிக்க மெடிகேர் பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குக் கைகொடுக்காது. அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி என்றால் இனி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, அல்லது தனியார் ஆஸ்பத்திரி பில். மருத்துவக் காப்பீடு எடுக்க 65 வயது வரம்பு 2024-ல் நீக்கப்பட்டது நல்ல செய்தி. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பதால், ஊருக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது ஆபத்து. ஆதாரும் உடனே கிடைக்காது. முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால்தான் ஓசிஐக்காரர் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் ஆதார் 10 வருடத்துக்குச் செல்லும்.

அம்மையும் ஆயரும்

அயல்நாட்டில் பிறந்தவர்கள் இந்த மண்ணிலேயே கடைசிவரை வாழ்வது நெல்லைக்குப் புதிதல்ல. அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் 1901-ல் களக்காடு அருகே தோனாவூருக்கு வந்தார். பிறகு ஒரு முறைகூடத் தாய்நாடு திரும்பாமல், 1951-ல் அங்கேயே காலமானார். அவருடைய புதைகுழி மேல் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் 'அம்மை' என்று ஒரு சொல். கால்டுவெல் 1891 ஜனவரியில் ஓய்வுபெற்றுக் கொடைக்கானலுக்குப் போனார். அந்த ஆகஸ்டிலேயே இறந்துவிட, உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர்கள் வந்தது வேறு காலம், வேறு ஆட்சி. இன்று இந்திய வம்சாவளியோ இந்தியத் துணையோ இல்லாத ஒருவர் தோனாவூரில் கடைசிவரை வாழ நினைத்தால், ஐந்து வருட இ-டூரிஸ்ட் விசாவில்கூட ஒரு வருகையில் அதிகபட்சம் 90 நாள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான்காரர்களுக்கு 180 நாள். அவ்வளவுதான்.

நம்ம அண்ணாச்சிக்கு இன்னும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. ஓசிஐ பதிவாகி ஐந்து வருடம் ஆகி, விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்தால், மறுபடி இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் ஓட்டுப் போடலாம். பக்கத்து வயலையும் வாங்கலாம். அதற்கு அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். பிறகு பேரனின் பிறந்தநாளுக்கு நியூஜெர்ஸி போவதென்றால், நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை வந்து, அண்ணாசாலையில் அமெரிக்கத் தூதரக வாசலில் விசாவுக்காக அண்ணாச்சியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.