துணையின் கையைப் பிடித்தால் பயம் ஏன் குறைகிறது?

ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மணமான 16 பெண்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். தனியாக இருந்தபோது, ஆபத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்ததும் அது கொஞ்சம் தணிந்தது. கணவர் பிடித்தபோது இன்னும் நன்றாகவே தணிந்தது. அதிலும், மனமொத்து வாழ்ந்த பெண்களிடம் அமைதி கூடுதலாகத் தெரிந்தது.

ஏன் இப்படி? மனிதக் குழந்தை தனியே பிழைக்காது. அதனால் அருகில் நம்பகமான ஒருவர் இருப்பதையே மூளை பாதுகாப்பாக எடுத்துக்கொள்கிறது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி குழந்தைகளிடம் விளக்கிய இந்தப் பிணைப்பு, காதலர்களிடமும் அப்படியே தொடர்கிறது என்று 1987-இல் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் எழுதினார்கள். பயந்தால் தேடுகிறோம், பிரிந்தால் தவிக்கிறோம்.

வீட்டுச் சண்டைகள் பலவற்றின் வேர் இங்கேதான் என்பேன். தேடியும் துணையிடமிருந்து பதில் கிடைக்காதபோது ஒருவர் ஓயாமல் குறை சொல்கிறார், மற்றவர் வாய்மூடி ஒதுங்குகிறார். இருவருக்கும் உள்ளே இருப்பது, இவர் எனக்காக இருக்கிறாரா என்ற பயம். அந்தத் தேடலைப் பலவீனம் என்று தயவுசெய்து ஒதுக்காதீர்கள். துணை கூப்பிட்டால், கையில் உள்ள வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.